ஐந்தாம் பாகம்

காலிப் போத்தலுக்கு இருபத்தைந்து சென்ட்
திருப்பித் தருகிறது இந்த நாடு.
சூப்பர் மார்க்கெட் வாசலில் நிற்கும் இயந்திரம்
போத்தலை முகர்ந்து பார்த்து விழுங்கும்,
ஒரு துண்டைத் துப்பும்.
ஹோல்கர் என் மேசையில் வைத்த நான்கு பெட்டிகளையும்
திறந்து மூடிவிட்டு
அந்த விலைகூடச் சொல்ல முடியாமல் நின்றேன்.

டோர்ட்மண்ட், நோர்ட்ஸ்டாட். பெப்ரவரி.
'பழைய கேம் வாங்குவோம், விற்போம்' என்று
கண்ணாடியில் நானே ஒட்டியது.
'வாங்குவோம்' போன வருடம் பாதி உரிந்தது.
திரும்ப ஒட்டவில்லை.

முன்பெல்லாம் ஒரு தட்டு.
அதற்குள் ஒரு நாடே இருக்கும்:
மலை, மழை, மூன்று பட்டணம், கடைசிச் சண்டை.
பையன்கள் முடித்துவிட்டுக் கொண்டுவருவார்கள்.
பன்னிரண்டுக்கு வாங்கி இருபதுக்கு விற்பேன்.
நடுவிலுள்ள எட்டு யூரோதான்
கடை வாடகை, ஹீட்டர், மகளின் பல்லுக்குக் கம்பி.
ஒரே தட்டு ஏழு வீடு சுற்றி வந்ததும் உண்டு;
கீறலை வைத்தே யார் கை என்று சொல்வேன்.

கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை.
ஏழு வீட்டில் ஆறு அவர்களுக்கு நட்டம்.
கொப்பி அடிப்பவனையும் என்னையும்
ஒரே கயிற்றில் கட்டிவிட்டு
கதையை ஐந்தாக அரிந்தார்கள்,
மீன்கடையில் அறக்குளா அரிவதுபோல:
தலை மலிவு,
நடுத்துண்டுக்கு நல்ல விலை,
வால் எப்போது வருமென்று பிறகு அறிவிப்பார்கள்.
ஒவ்வொரு துண்டுக்கும் வாங்கியவன் பெயரில் பூட்டு.
பெட்டிக்குள் தட்டே இல்லை.
சுரண்டிய அட்டை ஒன்று, பதினாறு எழுத்து,
வெடித்து முடிந்த பட்டாசின் காகிதம்.

பாகம் பிரித்தால் ஆளுக்கொன்று கிடைக்கும் என்றுதான்
நான் தமிழ் படித்தேன்.
குறைந்தது ஒரு வேலிச் சண்டையாவது மிஞ்சும்.
இங்கே ஐந்தும் பிரித்த பிறகு
எல்லாம் பிரித்தவனிடமே இருக்கிறது.

ஹோல்கர் நான்குக்கும் காசு கொடுத்தவர்.
ட்ராமில் டிக்கெட் பார்ப்பவர்.
சொந்த மைத்துனனுக்கே அறுபது யூரோ தண்டம் எழுதியவர்.
ஐந்தாவதை வாங்கப் போனால்
கடவுச்சொல் மறந்துவிட்டது.
உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்?
மூன்று தரம் பிழை. கணக்கு மூடிக்கொண்டது.
நான்காம் பாகம் முடிகிற இடத்தில் ஒரு பாலம்,
பாதியில் அறுந்து நிற்கிறதாம்.
அதன் விளிம்பில் அந்தப் பெண்
விளக்கோடு மூன்று மாதமாக நிற்கிறாள் என்றார்,
அவளுக்குக் குளிரும் என்பதுபோல.

உடைத்த கொப்பி இருக்கிறது என்றேன், குரலைத் தாழ்த்தி.
ஐந்தும் சேர்ந்து, பூட்டில்லாமல், ஒரே கோப்பில்.
கள்ளனுக்குப் பயந்துதான் துண்டு போட்டார்கள்;
முழுசாக வைத்திருப்பவன்
இப்போது கள்ளன் ஒருவன்தான்.

அவர் பார்த்த பார்வையில்
என் கை தானாகச் சட்டைப்பையில்
இல்லாத டிக்கெட்டைத் தேடியது.

கையுறையை மாட்டினார். கழற்றினார்.
'நீங்கள் முடித்துவிட்டீர்களா?'
முடித்தேன்.
'வாயால் சொன்னால் திருட்டாகுமா?'
இருவரும் கொஞ்சம் யோசித்தோம்.
ஆகாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
பாலத்துக்குக் கீழே ஒரு படகு வரும் என்றேன்.
படகில் ஒருவன்.
முதலாம் பாகத்தில்
அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாளே,
அந்த ஆள்.
'அவனா!'
அவன்தான். ஆனால் கையில் இருப்பது துடுப்பு இல்லை...

மணி ஏழு. கடை சாத்த வேண்டும்.
மீதி வெள்ளிக்கிழமை என்றேன்.

முறைத்துப் பார்த்துவிட்டு
பெட்டிகளை அங்கேயே விட்டுப் போனார்.
வாசல் மணியின் ஆட்டம் அடங்குமுன்
திரும்பி வந்து தலையை மட்டும் நீட்டி,
வெள்ளி எத்தனை மணிக்கு என்றார்.